வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

நலம், நலமா என்று எழுதினால் அரைப் பக்கம் போய்விடும். எல்லோரும் நலம். குளிர் நாட்களில் மட்டும் அப்பாவுக்குக் கால் வலிக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா ஒரு வண்டி வாங்கப் போகிறார். பழைய பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும் வகை. செங்கல் சூளைக்காரருடையது. அதற்குப் பத்தொன்பது வயதாம், என்னைவிட ஐந்து வயது மூத்தது. புதிதாக நீலச் சாயம் அடித்து, சூளை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார். நான் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது பார்க்கிறேன். கண்ணாடியில் விரலால் தொட்டால் செம்மண் தூள் ஒட்டுகிறது.

இந்த இரண்டு வருடம் இல்லாமல் இப்போது ஏன் என்று கேட்பாய். வாடகை லாரிக்காரர் இந்த வருடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். போன தடவை ஒரு தேனீப் பெட்டியின் வாசல் திறந்துகொண்டு, தேனீக்கள் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து உதட்டில் கொட்டிவிட்டன. "உங்க வீட்டுப் பூச்சிங்களோட இனிமே எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது" என்று வீங்கின வாயோடு சொல்லிவிட்டுப் போனவர்தான்.

மேல் சரிவில் மரங்கள் பூக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் எல்லாப் பெட்டிகளையும் மேலே கொண்டுபோக வேண்டும். அந்தப் பாதை உனக்குத் தெரியும். மூன்றாவது வளைவும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் பழைய வண்டி பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் இறங்கியது அங்கேதான். இதை எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். எழுதாமல் விட்டால் பொய் சொல்வது மாதிரி இருந்தது.

அக்கா, நீ ஒரு பெரிய பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறாய். பழைய வண்டியை வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எனக்கு எழுதுவாயா? பள்ளி நூலகத்தில் இதற்கு ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கிறது. அது நீராவி இயந்திரத்தில் தொடங்கி, நீராவி இயந்திரத்திலேயே முடிகிறது.

போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடு. நூலக ஆசிரியை வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் தங்கை

*

பிப்ரவரி 9

பூச்சி,

கடிதம் கிடைத்தது. புத்தகம் படித்துப் படித்து நீ பேசுவதும் அச்சடித்த மாதிரி ஆகிவிட்டது. உயரம் கொஞ்சமாவது கூடியிருக்கிறாயா?

வண்டி விஷயத்தை என்னிடம் கேட்காதே. அங்கே மெக்கானிக்கே இல்லையா? நான் சரி பார்த்துக் கொடுத்த வண்டி என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அப்பா சொன்னது உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. "உன் கை பட்ட வண்டியில இனி நான் ஏறமாட்டேன்." நர்ஸ், லாரிக்காரர், அம்மா, எல்லோரும் இருந்தார்கள். அவர் சொன்னதில் தப்பு இல்லை. பிரேக் வேலை செய்தது நான். பிரேக் பிடிக்காமல் போனது நாலாம் நாள்.

ஒரு காலோடு போயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன். இன்னொரு தடவை என் வார்த்தையை நம்பி அவர் அந்தப் பாதையில் ஏற வேண்டாம்.

படி. நன்றாகச் சாப்பிடு. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

அக்கா

*

பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இங்கே ஒரே ஒரு மெக்கானிக்தான் இருக்கிறார். அவர் சூளைக்காரரின் மச்சான்.

அப்பா வண்டி பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நேற்று கூடப் போயிருந்தேன். முன் டயரை ஒரு உதை உதைத்தார். கதவைத் திறந்து ஒரு தடவை சாத்தினார். "நல்லா கனமாத்தான் சாத்துது" என்றார். அவ்வளவுதான், பரிசோதனை முடிந்தது. வீட்டுக்கு வந்து நான் இதைச் சொன்னதும் அம்மா, "வெண்டைக்காயக்கூட ஒவ்வொண்ணா நுனி ஒடிச்சுப் பாத்துத்தான் வாங்குவாரு. வண்டின்னா மட்டும் கதவு சாத்தினாப் போதும்" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. எனக்குத் தோன்றியதைச் சொல்லட்டுமா? பார்க்கத் தெரியாமல் அவர் அப்படிச் செய்யவில்லை. பார்த்து ஏதாவது தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். இருபத்தாறாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீ நல்ல வண்டி, கெட்ட வண்டி என்று எதுவும் சொல்ல வேண்டாம். கேள்விகளை மட்டும் எழுது. பதில்களை நான் போய்க் கண்டுபிடிக்கிறேன். கேள்வி கேட்டவர் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அப்பா அந்தப் பாதையில் ஏறத்தான் போகிறார், அக்கா. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும்.

உன் தங்கை

*

பிப்ரவரி 17

பூச்சி,

நீ வக்கீலுக்குப் படி. பட்டறைப் பக்கம் வந்துவிடாதே.

கேள்விகள் மட்டும்தான். உன் நோட்டில் உன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போ. இதைக் காட்டாதே.

போனதும் முதல் வேலை, பானெட்டில் கை வை. சூடாக இருக்கிறதா? ஆறின வண்டி ஸ்டார்ட் ஆகும்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியும். புகை என்ன நிறம்? என்ஜின் ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார். பால் காபி நிறத்தில் இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்காமல் வீட்டுக்கு வா.

பிறகு வண்டிக்கு அடியில் படு. பழைய பாவாடையோடு போ, அம்மா என்னைத் திட்டக் கூடாது. முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு நீள இரும்பு ஓடும். அதுதான் சேஸ், வண்டியின் முதுகெலும்பு. சின்னச் சுத்தியலால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போ. என்ன சத்தம் வருகிறது? எங்காவது புதிதாகக் கறுப்புச் சாயம் அடித்திருந்தால் அங்கே இன்னும் நாலு தட்டு கூடத் தட்டு. சாயம் அடித்தவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

அப்பாவை ஓட்டச் சொல். வெறும் தார்த் தரையில், ஃபோர் வீலில் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக ஒரு சின்ன வட்டம் அடிக்கச் சொல். வண்டி எப்படித் திரும்புகிறது?

கடைசியாக பிரேக். பெடலை அழுத்திக்கொண்டு முப்பது எண்ணு. கால் மெல்ல உள்ளே போகிறதா? பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து விரலில் தொட்டுத் தேய்த்துப் பார். கொழகொழ என்று இருந்தால் யாரோ அதில் என்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். குறைந்திருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் கையில் கிடைத்ததை ஊற்றிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிப்போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து, இறக்கத்தில் தெரியும். இங்கே வாரத்துக்கு ஒருவராவது உப்பின ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்.

எழுத எழுத நீண்டுவிட்டது. கேள்வி கேட்கவும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 23

அன்புள்ள அக்கா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை போனோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் நோட்டை விரித்ததும் சூளைக்காரர், "என்ன பாப்பா, பரிட்சையா?" என்றார். "ஆமாம் மாமா, உங்க வண்டிக்கு" என்றேன். பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. "காலையில சும்மா ஒரு ரவுண்டு போனேன்" என்றார். "பரவாயில்ல மாமா, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு, செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து கையில் இருந்த கதைப் புத்தகத்தைப் படித்தேன். ஆறுவதற்கு நாற்பத்தாறு பக்கம் ஆயிற்று. அப்பா நெளிந்தார். சூளைக்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் வண்டி ஆறின பிறகும் ஸ்டார்ட் ஆனது. மூன்றாவது திருப்பலில். புகை கொஞ்சம் வெள்ளை, பிறகு ஒன்றுமில்லை. ஆயில் கறுப்பு. காபி இல்லை.

வட்டம் அடித்தது மிக அழகு. ஜாமெட்ரி பெட்டியின் காம்பஸ் மாதிரி, ஒரு குலுக்கல் இல்லாமல் சுற்றி வந்தது. "பாத்தியா பாப்பா, வழுக்கிட்டுப் போவுது" என்றார் சூளைக்காரர்.

சேஸைத் தட்டினேன். சத்தங்களை அப்படியே எழுதியிருக்கிறேன். வலது பக்கம், முன்னாலிருந்து: டங், டங், டங், டங், டிங், டங். இடது பக்கம்: டங், டங், டங், டங், பிறகு பின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் டொப். மறுபடி தட்டினேன். டொப். அங்கே மட்டும் புதுக் கறுப்புச் சாயம். ஒரு கை நீளம். "துருப் புடிக்காம இருக்க அடிச்சது" என்றார் அவர். மற்ற இடத்தில் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். "சாயம் தீந்துபோச்சு" என்றார்.

இனி எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிரேக் பெடல் உள்ளே போகவில்லை. நான் டப்பாவைத் திறக்கும்போது, என்ன பார்க்கப் போகிறேன் என்று அப்பா கேட்டார். நோட்டில் இருந்ததை உரக்கப் படித்தேன். குறைந்திருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் ஊற்றிவிடுவார்கள், ரப்பர் உப்பிப்போகும், இரண்டு மூன்று நாள் கழித்து இறக்கத்தில் தெரியும். எல்லாவற்றையும். நிமிர்ந்தால் அப்பா பானெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இது எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

பொய் சொல்ல வரவில்லை. "அக்கா எழுதினது" என்றேன்.

"இன்னொரு தடவ படி."

படித்தேன். இன்னொரு தடவை கேட்டார். மூன்று தடவை படித்தேன். பிறகு சூளைக்காரரிடம், "ஒரு வாரம் டைம் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, முகத்துக்கு வலை போடாமல், தேனீப் பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்றார். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். இருட்டும் வரை வரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனால் அது என் சந்தேகம்தான். அப்பாவுடையதாக இருந்தால் அப்பாதான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை

*

பிப்ரவரி 27

பூச்சி,

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டியல் என்னுடையது என்று தெரிந்ததும் கிளம்பிப் போய்விட்டார், அவ்வளவுதானே? நான் எதிர்பார்த்ததுதான். இனி எனக்காக அவரிடம் எதுவும் பேசாதே.

வண்டியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

நீ அழகு என்று எழுதிய வட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி தார்த் தரையில் அப்படித் திரும்பாது. முரண்டு பிடிக்கும், குதிக்கும். வழுக்கிக்கொண்டு போனால் முன் சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம். முன் சக்கரங்களின் நடுவில், கைக்கு அடங்கும் ஒரு திருகு இருக்குமே, இரண்டையும் இறங்கிப் போய்ப் பூட்டினீர்களா? பூட்டாமல் கியரை மட்டும் போட்டால் பின் சக்கரம்தான் இழுக்கும். இதை எழுதாமல் விட்டது என் தப்பு. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது, அந்த டொப். பூச்சி, சத்தத்தை எழுத்தில் கேட்க முடியாது. உள்ளே வெறும் மண் அடைத்துக்கொண்டிருந்தாலும் டொப் என்றுதான் கேட்கும். இரும்பு அரித்துப்போயிருந்தாலும் டொப்தான். முதலாவது என்றால் கழுவினால் போதும். இரண்டாவது என்றால், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது பின் பட்டை பிய்த்துக்கொண்டு வரும். எது என்று காதால் கேட்டால் சொல்லிவிடுவேன். முன்பு சொல்லியிருப்பேன்.

ஏன் "முன்பு" என்று கேட்பாய். பெரிய பட்டறையில் மெக்கானிக் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குக் கூசுகிறது. இங்கே நான் மெக்கானிக் இல்லை. உதிரிபாகம் விற்கும் கவுண்டரில் நிற்கிறேன். சேர்ந்த முதல் வாரம், மேஸ்திரி ஒரு பிரேக் வேலையைக் கையில் கொடுத்தார். ஸ்பேனரைப் பிடித்தேன், கை நடுங்கியது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கவுண்டர். அம்மாவிடம் சொல்லாதே. அவள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் பெருமையடித்து வைத்திருப்பாள்.

நான் வந்து தட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் யாருடைய வண்டி? யார் கூப்பிட்டார்கள்?

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

முதலில் திருகு. நாங்கள் பூட்டவில்லை. அப்பா அதை வெறும் மூடி என்று நினைத்திருந்தார், நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் போய் இரண்டையும் பூட்டி வட்டம் அடித்தோம். கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி முரண்டு பிடித்தது. "ஐயோ, வண்டி வீணாப்போவுது, நிறுத்துங்க" என்று சூளைக்காரர் கத்தினார். நான் நோட்டில் "மிக நன்று" என்று எழுதினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இனி இருப்பது என் கடிதம் இல்லை. உன் கடிதத்தை நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். (மன்னித்துவிடு. கவுண்டர் பகுதியை விட்டுவிட்டுத்தான் படித்தேன். ஆனால் அது அம்மாவுக்கு எப்போதோ தெரியும். உன் சட்டைகளில் கிரீஸ் கறை இல்லை என்று போன வருடம் உன் அறைக்கு வந்து திரும்பியபோதே சொன்னாள்.) அப்பா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். இன்று சாயங்காலம் பெட்டிகள் வைத்திருக்கும் ஷெட்டுக்கு என்னைக் கூப்பிட்டு, "பேனா எடுத்துட்டு வா. சொல்றத எழுது" என்றார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"பெரியவளுக்குன்னு போடு. அன்புள்ளன்னு முன்னாடி போடு. போட்டியா? சரி.

"நீ பிரேக் வேலைய முடிச்ச மறுநாள் காலையில நான் வண்டிய எடுக்கப் போனேன். பானெட்டத் தெறந்து பாத்தேன். அந்த டப்பாவுல ஒரு விரக்கட கொறஞ்சிருந்துச்சு. உன்ன எழுப்பிக் கேட்டிருக்கலாம். ரெண்டு நாளா வண்டிக்கடியிலயே கெடந்தவ, அங்கயே சாக்க விரிச்சுப் படுத்துத் தூங்கிட்டிருந்த. கையக்கூடக் கழுவல. எழுப்ப மனசு வரல. ஷெட்டுல இருந்த கேன எடுத்து ஊத்தினேன். அது என்ஜின் ஆயில். எண்ணெய்னா எண்ணெய்தானேன்னு ஊத்தினேன். ஊத்தினதையே மறந்துட்டேன்.

"உன் பட்டியல இவ படிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. இத நல்லா எழுது. தெரிஞ்சுக்கிட்டே மறைச்சேன்னு நெனச்சிடப்போறா.

"ஆனா ஒண்ணு. தெரியாதுங்கறது ஒரு பக்கம். கேக்கலங்கறது இன்னொரு பக்கம். கால் ஒடிஞ்ச வலியில யார் மேலயாவது போடணும்னு இருந்துச்சு. உன் மேல போட்டேன். நீ ஒரு வார்த்த எதுத்துப் பேசல. பேசியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன். இல்ல, அத அடிச்சிடு. மறுபடி அவ மேலயே போடற மாதிரி இருக்கு."

(அடித்துவிட்டேன். ஆனால் படிக்கிற மாதிரிதான் அடித்திருக்கிறேன்.)

"உன் வேல சரியா இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன். ரெண்டு வருஷமா நீ… தேனீக்குப் புகை போடற இந்த டப்பாவ எதுக்கு இங்க கொண்டுவந்து வெச்சீங்க, கண்ணெல்லாம் எரியுது."

(அது அணைந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இதை எழுதாதே என்றார்.)

"சூளைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லல. யார் கூப்பிட்டாங்கன்னு கேட்டிருக்கா இல்ல? நான் கூப்பிடறேன்னு எழுது. வேண்டாம்னு தோணுச்சுன்னா வரவேண்டாம். அதுக்காக நான் கோவிச்சுக்க மாட்டேன். கோவிச்சுக்க எனக்கு என்ன இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்துதான். வங்கியில் போடுகிற முழுக் கையெழுத்து. அப்பா என்று போட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை.

உன் தங்கை

*

மார்ச் 6

பூச்சி,

உன் கடிதம் கவுண்டரில் இருக்கும்போது வந்தது. ஒருவர் ஃபேன் பெல்ட் கேட்டார், நான் வைப்பர் எடுத்துக் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று நாலு தாள் கிழித்தேன். எழுத வரவில்லை. நேரில் வந்தாலும் பேச வருமா தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ராத்திரி பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

அவரிடம் இதை மட்டும் சொல்: அன்றைக்கு என்னை எழுப்பியிருக்கலாம்தான். ஆனால் எழுப்ப மனசு வரவில்லை என்று அவர் சொன்னதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

சுத்தியலை எடுத்து வை.

அக்கா

*

மார்ச் 16

அன்புள்ள அக்கா,

நீ பஸ் ஏறியதற்குப் பிறகு நடந்தவை உனக்குத் தெரியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். அதற்கு முன் நடந்ததிலும் ஒன்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ வண்டிக்கு அடியில் இருந்தாய்.

நீ தட்டிக்கொண்டே பின்னால் போனபோது அப்பா வெளியே, உன் கால்கள் தெரியும் இடத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். கால் வலியோடு. நீ தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார். உனக்கு எங்கே டொப் கேட்டதோ அங்கே அவருக்கும் கேட்டது என்று நினைக்கிறேன். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் குத்துகிற சத்தம் வந்தது. பிறகு நீ வெளியே வந்தாய். நெற்றியெல்லாம் துரு. "வேணாம்ப்பா" என்றாய். இரண்டு வருடத்தில் அவரிடம் நீ நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. "சரி, வா, சாப்பிடப் போலாம்" என்றார். ஏன் என்று கேட்கவே இல்லை. பாதி வழியில் நீதான் பொறுக்கமுடியாமல், இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கியதைச் சொன்னாய்.

இனி புதன்கிழமை. மேல் சரிவில் மரங்கள் பூத்துவிட்டன. நம் வீட்டு வாசலிலிருந்தே வெள்ளையாகத் தெரிகிறது. காலையில் சூளைக்காரர் மச்சானோடு வந்தார். பால் எடுத்துப் போகும் டிராக்டர்காரரும், பக்கத்து வீட்டு அத்தையும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பூவெல்லாம் பூத்துடுச்சு, இன்னும் பெட்டிய இங்க வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றார் சூளைக்காரர். "வெலய இன்னும் கொறைச்சுக்கறேன். என் மச்சான் அந்த எடத்துல ஒரு தகடு வெச்சு ஒட்டிக் குடுத்துடுவான். இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க."

"பெரியவ வேணாம்னுட்டா" என்றார் அப்பா.

"அட, சின்னப்பொண்ணு பேச்சு."

"அவ வேணாம்னுட்டா. அவ்வளவுதான்."

அப்போது மச்சான் சிரித்துக்கொண்டே, "போன வண்டிக்குப் பிரேக் வேல பாத்தது அந்தப் பொண்ணுதானேண்ணே? அது லட்சணம்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்திருக்க எப்போதும் கொஞ்ச நேரம் எடுக்கும் இல்லையா, அந்த நேரம் முழுக்க மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பாத்த வேல சரியாத்தான் இருந்துச்சு. பிரேக் டப்பாவுல என்ஜின் ஆயில ஊத்தினது நான். வண்டியக் கவுத்தது நான். ரெண்டு வருஷமா தப்பா சொல்லிட்டு இருந்தேன். இப்ப சரியா சொல்றேன். நீங்களும் நாலு பேருகிட்ட சரியா சொல்லுங்க."

அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். அவள் சொன்னால் நாலு பேர் இல்லை, நானூறு பேர். அம்மா உள்ளேயிருந்து வந்து, எல்லோருக்கும் காபி கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். மச்சான் வேண்டாம் என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்தாள்.

பெட்டிகளை டிராக்டரில் கொண்டுபோனோம். பால் வேலை முடிந்த பிறகுதான் அது கிடைக்கும் என்பதால் மூன்று நாளில் பாதிப் பெட்டிகள்தான் ஏற முடிந்தது. மீதி இங்கேயே இருக்கின்றன. இந்த வருடம் தேன் குறையும். அப்பா அதை இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மேஸ்திரி உன்னைக் கவுண்டரை விட்டு இறங்கி வேலை பார்க்க விட்டாரா? அவரிடம் கேட்கப்போவதாகப் பஸ் ஏறும்போது சொன்னாயே. கை நடுங்கினால் நடுங்கட்டும், நின்றதும் தொடங்கு. என்னுடைய புத்தகத்தில் இல்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து பின்னால் நிற்கிறார். படிக்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகச் சுவரைப் பார்க்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரக்கடைக்காரர் ஒருவர் தன் பழைய பிக்கப்பை விற்கப் போகிறாராம். நாலு சக்கரமும் இழுக்கும் வகைதானாம். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். டயரையாவது உதைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "வாய் நீளுது உனக்கு" என்றார்.

பிறகு சொன்னார்:

"பெரியவளுக்கு எப்ப லீவுன்னு கேட்டு எழுது."

உன் தங்கை